தெரிந்தவரிடம் வாங்கிய போன்

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கேட்டிருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கின்றன. இட்லி அவித்து விற்கிறார்கள். முறுக்கு சுட்டு விற்கிறார்கள். தோல் வேலை செய்கிறார்கள்.

அங்கே செல்வி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 35. முறுக்கு சுடுவது தொழில். அவளிடம் இருந்தது பழைய பட்டன் போன். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இருந்து பாடமும் தகவலும் போனில்தான் வருகின்றன. "அம்மா, பெரிய போன் ஒண்ணு வேணும்மா" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டில் முருகன் இருந்தான். கூரியர் வேலை பார்ப்பவன். செல்வியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மா ஊருக்குப் போனால் செல்வி வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு.

ஒரு நாள் சாயங்காலம் முருகன் வந்தான்.

"அக்கா, போன் வேணும்னு சொன்னீங்கல்ல? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. வாங்கி ரெண்டு மாசம்தான் ஆச்சு. கடையில 15,000 ரூபாய். நீங்க 8,000 குடுங்க, போதும்."

செல்வி போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"புதுசு மாதிரியே இருக்கே தம்பி! அப்புறம் ஏன் விக்கிற?"

"அவசரமா பணம் தேவைப்படுதுக்கா."

பில் இருக்கிறதா என்று கேட்க நினைத்தாள். வாய் வரவில்லை. நம்ம முருகன்தானே. பில் கேட்டால் அவனைத் திருடன் என்று சொன்னது போல் ஆகிவிடாதா? அட்டைப் பெட்டியையும் கேட்கவில்லை. சீட்டு எடுத்த பணம் வீட்டில் இருந்தது. 8,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் போன் நன்றாக வேலை செய்தது. பிறகு ஒரு நாள் காலையில் சிக்னல் போய்விட்டது. வேறு சிம் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் எடுக்கவில்லை. போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, செல்வி தன் சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனிலேயே போட்டுக்கொண்டாள்.

நாலாம் நாள் அந்தப் பட்டன் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்து பேசினார்கள்.

"இந்த மாடல் போனில் உங்கள் சிம் இருந்திருக்கிறது. அந்த போன் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

செல்விக்குக் கை நடுங்கியது.

போலீசுக்கு எப்படித் தெரிந்தது?

ஒவ்வொரு செல்போனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதற்கு ஐ.எம்.இ.ஐ. எண் என்று பெயர். மொத்தம் 15 இலக்கம். வண்டியின் இன்ஜின் எண்ணைப் போல இது போனுக்கு உரிய எண். சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இரண்டு எண் இருக்கும்.

போனைத் தொலைத்தவர் போலீசில் புகார் கொடுக்கிறார். புகார் நகலை வைத்து, அரசின் இணையதளத்தில் அந்த எண்ணை முடக்கச் சொல்லலாம். முடக்கிய பிறகு எந்த கம்பெனி சிம்மைப் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீசுக்குப் போகும். எந்த சிம், யார் பெயரில் உள்ளது என்றும் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லிக்கு வந்தது. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. சஞ்சார் சாத்தி என்பது அந்த அரசு இணையதளத்தின் பெயர். ஆகவே தாராவியில் மட்டும் அல்ல, எந்த ஊரில் இருந்தாலும் செல்விக்கு நடந்தது நமக்கும் நடக்கலாம்.

செல்வி வாங்கிய போன் லோக்கல் ரயிலில் ஒருவர் தவறவிட்டது. அவர் உடனே புகார் கொடுக்கவில்லை. கிடைத்துவிடும் என்று சில வாரம் தேடியிருக்கிறார். அதனால்தான் மூன்று வாரம் வரை போன் நன்றாக வேலை செய்தது.

முருகன் என்ன சொன்னான்?

முருகன் ஓடி வந்தான். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. கூட வேலை பாக்கறவன்தான் குடுத்தான். நான் 6,000 குடுத்து வாங்கினேன். ரெண்டு மாசம்னு அவன் சொன்னான். நானும் அதையே உங்ககிட்ட சொன்னேன்."

முருகன் திருடன் அல்ல. அவனும் தெரிந்தவன் ஒருவனை நம்பித்தான் வாங்கினான். 2,000 ரூபாய் லாபம் வரும் என்று நினைத்தான். அது தன்னுடைய போன் என்பது போலப் பேசியது மட்டும் அவன் தப்பு. சின்னத் தப்புதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தவள் செல்வி.

விற்பவர் நல்லவரா என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்பது இல்லை. நல்லவர் கையிலும் தவறான பொருள் வந்து சேரலாம். டெல்லி கஃபார் மார்க்கெட்டிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போன் வாங்கப் போனால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பத்துக் கேள்வி கேட்கிறோம். தெரிந்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்பது இல்லை. முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதைவிட இதுவே சில நேரம் ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

போன் சொந்தக்காரருக்கே போய்ச் சேரும். செல்வி 8,000 ரூபாய் கொடுத்தாள் என்பதற்காக அது அவளுடையது ஆகிவிடாது. தனக்குச் சொந்தம் இல்லாத பொருளை ஒருவர் விற்றால், வாங்கியவருக்கும் அது சொந்தம் ஆகாது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை செல்விக்கு உண்டு. ஆனால் பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே? கையில் எண்ணிக் கொடுத்த பணம். எழுத்து இல்லை. சாட்சியும் இல்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? கடைக்காரர் ஏமாற்றினால் போகலாம். வியாபாரம் செய்யாத ஒருவர் தன்னிடம் இருந்த ஒரு பொருளை விற்றால் அது அங்கே வழக்காக நிற்பது கஷ்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரம் செய்பவர்களைப் பற்றியது.

செல்வியை ஜெயிலில் போடுவார்களா? திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் குற்றம். சந்தேகப்படக் காரணம் இருந்தும் நேர்மை இல்லாமல் வாங்கினாலும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தெரியாமல் நல்ல எண்ணத்தோடு வாங்கியவர் குற்றவாளி அல்ல. ஆனால் 15,000 ரூபாய்ப் போனை யாராவது 3,000 ரூபாய்க்குக் கொடுத்தால் சந்தேகம் வர வேண்டாமா? அப்போது "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு எடுபடாது.

ஒரு விஷயத்தைப் பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சியாக விசாரிப்பதற்கு ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. அவள் இருக்கும் இடத்திற்கு வந்துதான் கேட்க வேண்டும். அவளாக விரும்பினால் போகலாம். போனை எடுத்துக்கொண்டு போனால், எடுத்துக்கொண்டதற்கு எழுத்து கேட்டு வாங்க வேண்டும். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பது இல்லை. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

செல்வி உள்ளதை உள்ளபடி சொன்னாள். முருகனும் வந்து சொன்னான். போன் சொந்தக்காரரிடம் போனது. முருகன் 2,000 ரூபாய் கொடுத்தான். "மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தர்றேன்க்கா" என்றான். இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது செல்வி வாசலில் நின்றால் முருகன் வேறு சந்து வழியாகப் போகிறான். அவன் அம்மா தண்ணீர் பிடிக்கும் இடத்தில் முகம் கொடுத்துப் பேசுவது இல்லை. 6,000 ரூபாய் போனது. அதைவிட இது செல்விக்குப் பெரிய வருத்தம்.

திருட்டு மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. போன் விற்பவருடையதாகவே இருக்கலாம். அப்போதும் சிக்கல் வரலாம்.

தவணையில் வாங்கிய போனாக இருக்கலாம். நாலு தவணை கட்டிவிட்டு, மீதியைக் கட்ட முடியாமல் விற்கிறார்கள். கடன் கொடுத்த நிறுவனம் தேடி வரும். தவணை நின்றால் போனையே பூட்டிவிடும்படி சில நிறுவனங்கள் போனுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்ததும் உண்டு. கடன் வாங்கியவர் ஒருவர், பூட்டிய போனை வைத்திருப்பவர் இன்னொருவர்.

தண்ணீரில் விழுந்த போனாக இருக்கலாம். இது மும்பை மழையில் சாதாரணம். காய வைத்து எடுத்தால் சில நாள் நன்றாகவே ஓடும். உள்ளே துரு பிடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் நின்றுவிடும். பல போன்களின் உள்ளே சின்ன வெள்ளை ஒட்டு ஒன்று இருக்கும். தண்ணீர் பட்டால் அது சிவந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் காட்டினால் பார்த்துச் சொல்வார். வாரண்டி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் புகுந்த போனைப் பொதுவாக வாரண்டியில் சரி செய்து தர மாட்டார்கள். வாரண்டி முதலில் வாங்கிய தேதியில் இருந்துதான் கணக்கு. பில் இல்லாவிட்டால் அந்தத் தேதியைக் காட்டவும் வழி இருக்காது.

இன்னொன்று பழைய கணக்கு. போனில் முன்பு வைத்திருந்தவரின் கூகுள் கணக்கு இருக்கும். அதை நீக்காமல், பொத்தான்களை அழுத்தி போனை அழித்துவிட்டுக் கொடுப்பார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கும். திறந்தால் "பழைய கணக்கின் ரகசியச் சொல்லைப் போடு" என்று கேட்கும். தெரியாவிட்டால் உள்ளே போக முடியாது. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு இது. ஐபோனிலும் இப்படிப் பூட்டு உண்டு.

டிவி வாங்கினாலும் பில் வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டிவியின் முன்பக்கப் பேனல் போனால் அதை மாற்றும் செலவு, கிட்டத்தட்டப் புது டிவி விலைக்கே வந்துவிடும்.

எப்படிக் கேட்பது?

கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்பதுதான் நம் தயக்கம். இதற்கு ஒரு வழி உண்டு. சந்தேகத்தை ஆள் மேல் வைக்க வேண்டாம். வேலை மேல் வைக்கலாம்.

"தம்பி, பில்லையும் பெட்டியையும் கொண்டா. நாளைக்கு ரிப்பேருக்குப் போனா கடைக்காரன் கேப்பான்."

இப்படிக் கேட்டால் யாருக்கும் மனசு நோகாது. நேர்மையாக விற்பவர் பில்லைத் தேடி எடுத்து வருவார். பில் தொலைந்திருந்தால் வாங்கிய கடையைச் சொல்வார். "என்னையே நம்ப மாட்டியா?" என்று கோபப்பட்டால் அன்று வாங்க வேண்டாம். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்று எழுந்துவிடலாம். வீட்டில் கேட்பது நம் ஊர் வழக்கம்தானே. அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள்.

பில் வந்ததும் எண்ணைப் பார்க்க வேண்டும். போனில் பேசுவதற்கு எண் அழுத்துவது போல *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் திரையில் தெரியும். பெட்டியிலும் அதே எண் இருக்க வேண்டும். பில்லில் எண் போட்டிருந்தால் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் அந்த போன் வேண்டாம். எண்ணை மாற்றிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அது பெரிய குற்றம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பிறகு அந்த எண்ணை அரசிடமே விசாரிக்கலாம். இதற்குப் பட்டன் போன் போதும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட வேண்டும். ஓர் இடம் விட்டு 15 இலக்க எண்ணைப் போட வேண்டும். அதை 14422 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்து தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம். பதில் வரும். கறுப்புப் பட்டியலில் உள்ளது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற மூன்றில் எது வந்தாலும் வாங்கக் கூடாது.

பதில் நன்றாக வந்தால் முழுக்க நம்பிவிடலாமா? கூடாது. அது இன்றைய நிலவரம்தான். தொலைத்தவர் நாளைக்குப் புகார் கொடுத்தால் நாளை மறுநாள் போன் முடங்கும். செல்வி வாங்கிய அன்று விசாரித்திருந்தாலும் தப்பான பதில் வந்திருக்காது. அதனால்தான் பில்லும் வேண்டும், பதிலும் வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தால் உட்கார்ந்து போனைச் சோதிக்கலாம். நம் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகுப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டுவிட்டது. அது தீப்பிடிக்கக்கூடியது, தொட வேண்டாம். விற்பவர் நம் கண் முன்னாலேயே தன் கணக்கை நீக்கிவிட்டு, போனில் உள்ளதை அழிக்க வேண்டும். பிறகு நாம் நம் கணக்கைப் போட்டுத் திறக்க வேண்டும். திறந்த பிறகுதான் பணம். பணத்தைக் கையில் கொடுப்பதைவிட வங்கிக் கணக்கு வழியாக அனுப்புவது நல்லது. எந்தத் தேதியில் யாருக்கு எவ்வளவு போனது என்று பதிவு இருக்கும்.

கடைசியாக ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு இது பெரிய வேலை இல்லை. வெள்ளைத் தாள் போதும். விற்பவர் எழுதலாம், அல்லது நாமே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கலாம். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். சீட்டு இப்படி இருக்கலாம்:

தேதி: ............

............ தெருவில் வசிக்கும் ............ ஆகிய நான், என்னுடைய ............ கம்பெனி செல்போனை, ............ தெருவில் வசிக்கும் ............ அவர்களுக்கு ............ ரூபாய்க்கு விற்றேன். பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்.

போனின் 15 இலக்க எண்: ............

இந்த போனை நான் ............ கடையில் / ............ என்பவரிடம் ............ தேதியில் வாங்கினேன். இதன் மேல் தவணைப் பாக்கி எதுவும் இல்லை. இது எனக்குச் சொந்தமான பொருள். வேறு யாராவது உரிமை கேட்டு வந்தால் மேற்படி தொகையைத் திருப்பித் தருவேன்.

பில்லும் பெட்டியும் கொடுத்துவிட்டேன்.

விற்பவர் கையெழுத்து: ............

வாங்குபவர் கையெழுத்து: ............

சாட்சி: ............